ஆறு மணி வெங்காயம்

"கையை எடுங்க!"

சிரோ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

அவன் தப்பான எண்ணத்தில் தொடவில்லை... லிமா நகரின் மூக்குக்கண்ணாடிக் கடைத் தெருவில் போகிறவர் வருகிறவர் முழங்கையைப் பிடித்து, "கண் பரிசோதனை இலவசம், உள்ள வாங்க!" என்று இழுப்பது ஊரறிந்த வழக்கம். அதற்கென்றே கடைக்கு ஓர் ஆள் உண்டு. அன்றைக்குப் பார்த்து அந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட, உள்ளே கண் பார்க்கிற சிரோவையே நடைபாதையில் நிறுத்திவிட்டாள் கடைக்காரி டோன்யா எர்மீனியா.

"மன்னிச்சுக்குங்க மேடம்... இழுக்கிறது என் வேலை இல்ல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"தெரியாத வேலையை ஏன் செய்யறீங்க? முழங்கை கழண்டு கையோட வந்திருக்கும்."

"வந்திருந்தா உள்ள ஒட்டிக் கொடுத்திருப்போம். அதுவும் இலவசம்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

ஆகஸ்ட் மாதம். மழை என்று சொல்ல வாய் வராத ஒரு மழை... குடை பிடிக்கவும் முடியாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது. ஊரே 'கழுதை வயிறு' என்று திட்டும் அந்தச் சாம்பல் வானம் மூன்று மாதமாகத் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இமையில் பொடிப் பொடியாய்த் தூறல் ஒட்டியிருந்தது. அந்த இமைக்குக் கீழே... கண்கள். நாள் முழுக்கக் கண்களையே பார்த்துப் பிழைக்கிறவன் சிரோ. கறுப்பு, பழுப்பு, புரை விழுந்தது, பூ விழுந்தது எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் இந்தக் கண்களுக்கு முன்னால் சொல்ல வந்தது அவனுக்கு மறந்துபோனது.

அவள் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே தடித்த கறுப்பு ஃப்ரேம் ஒன்று. இடது காது ஒடிந்து, தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்தது.

"இதே ஃப்ரேமுல எனக்கு லென்ஸ் போட்டுத் தருவீங்களா? மூணு கடையில முடியாதுன்னுட்டாங்க."

"அவங்க சொன்னது சரிதான். பழசு மேடம். சூடு பண்ணி வளைக்கும்போது படக்குனு உடைஞ்சிடும். புதுசா ஒண்ணு..."

"புதுசு வேணும்னா புதுசு கேட்டிருப்பேனே! எனக்கு வாய் இல்லையா?"

உள்ளேயிருந்து டோன்யாவின் குரல் வந்தது. "டேய் சிரோ! வந்த வாடிக்கையை வாசல்லயே வச்சு வாக்குவாதம் பண்ணாதே. உள்ள கூட்டிட்டு வா!"

---

பெயர் நெலிதா. வயது இருபத்தெட்டு. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை. ஒரு மாதமாக ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. சீட்டில் இவ்வளவையும் எழுதிக்கொண்டு விளக்கை அணைத்தான் சிரோ.

"மேல் வரி படிங்க."

"படிச்சுட்டேன்."

"வாய் விட்டு."

அவள் படித்தாள். நான்காவது வரியில் தடுமாறினாள்.

"ரொம்ப அழுதா பவர் ஏறுமா?" திடீரென்று கேட்டாள்.

"ஏறாது."

"நிஜமா?"

"கண்ணு எரியும், சிவக்கும். பவர் ஏறாது. அப்படி ஏறுச்சுன்னா இந்தத் தெருவுல கடை பத்தாது."

இருட்டில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் அசட்டையாக, ஏதோ வாயில் வந்ததைப் போல, சொன்னாள்:

"தீக்கோழிக்கு மூளையைவிடக் கண்ணு பெருசு. உண்மையா, புளுகா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் 'ஹிக்' என்று ஒரு விக்கல்.

சிரோவின் கையிலிருந்த லென்ஸ் தட்டில் விழுந்து ஓசை எழுப்பியது.

அந்த விக்கல் அவனுக்குத் தெரியும். அவன் ஃபோனில் பதினோரு ஒலித்துண்டுகளில் அது இருக்கிறது. வேலை முடிந்து பேருந்தில் நசுங்கிக்கொண்டு போகும்போது அதைத்தான் அவன் மறுபடி மறுபடி கேட்பான்.

'உதவாக்கரைத் தகவல் சங்கம்.' அப்படித்தான் அந்த வாட்ஸாப் குழுவுக்குப் பெயர். ஏழு பேர். லிமா, குயாகில், லா பாஸ், சாண்டியாகோ என்று ஆளுக்கொரு ஊர். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை, சொந்தப் பெயர் கூடாது, தனியாகப் பேசக் கூடாது, எந்த ஊர் என்பதைத் தவிர எதையும் கேட்கக் கூடாது. ஒருத்தர் லாமா, ஒருத்தர் பூரான். சிரோ, கூழைக்கடா. தினமும் மாலை ஆறு மணிக்கு யாராவது ஒருவர் ஒரு தகவல் போடவேண்டும். ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லாத தகவலாக இருக்கவேண்டும், அதுதான் சங்கத்தின் சட்டம். அது உண்மையென்று நினைக்கிறவர்கள் உருளைக்கிழங்குப் படம் போடுவார்கள். புளுகு என்றால் வெங்காயம். தோற்றவர்கள் கழுதை மாதிரி கத்திக் குரல்பதிவாக அனுப்பவேண்டும்.

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தோற்காதவன் கூழைக்கடா ஒருத்தன்தான். அந்தப் பெருமை அவனுக்குத் தலைக்கு மேலே இருந்தது.

பதினோரு முறை தோற்றவள் லிமாக்காரி நத்தை. ஒவ்வொரு முறையும் கழுதையாய்க் கத்திவிட்டு, சிரித்து, விக்குவாள்.

தோற்றாலும் புளுகுவதில் அவள் ராணி. 'எங்க மாமாவை மலைப்பாம்பு முழுங்கி, ருசி பிடிக்காம துப்பிடுச்சு' என்று ஏப்ரலில் ஒன்று விட்டாள். பாதிப்பேர் உருளைக்கிழங்கு போட்டு மாட்டிக்கொண்டார்கள். மே மாதம் ஒரு மாலை, சரியாக ஆறு மணிக்கு, நத்தை எழுதினாள்:

'இன்னைக்குக் காலையில எங்கப்பா செத்துப்போயிட்டாரு.'

முதல் வெங்காயம் சிரோவுடையது. வெங்காயத்தோடு நிறுத்தினானா... 'போன மாசம் மாமாவை மலைப்பாம்பு முழுங்குச்சு, இந்த மாசம் அப்பாவா? அடியே நத்தை, உங்க வீட்டுல ஆள் மிச்சம் இருக்காங்களா?' என்று எழுதினான். அவன் போட்டதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வரிசையாக வெங்காயம் போட்டார்கள். பத்தே நிமிடத்தில் நத்தை குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

சட்டத்தை மீறி, தனியாக ஒரு செய்தி அனுப்பினான் அவன். 'கோவமா?' அவள் அவனைத் தடுத்துவைத்துவிட்டாள் போல, அதற்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. மூன்று மாதமாக அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சிரோ விளக்கைப் போட்டான்.

"இந்த ஃப்ரேம்... யாருது?"

"எங்கப்பாவுது," என்றாள் நெலிதா. "மே மாசம் தவறிட்டாரு."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அந்த நொடியிலேயே காலில் விழுந்திருக்கவேண்டும். ஆனால் மனிதன் கோழையாகிற நொடி எப்போதும் இப்படித்தான் சத்தமில்லாமல் வந்து போகிறது. "ஒரு வாரம் ஆகும்," என்று மட்டும் சொன்னான். இரண்டு நாளில் முடிகிற வேலை அது.

---

நான்காம் நாளே வந்து நின்றாள்.

"ஒரு வாரம்னு சொன்னேனே?"

"உடைச்சுட்டீங்களான்னு பார்க்க வந்தேன்."

"உடைச்சிருந்தா?"

"இந்தக் கடையில ஒரு கண்ணாடி முழுசா இருந்திருக்காது."

டோன்யா எர்மீனியா கல்லாவிலிருந்தே நமுட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "டேய், அந்தப் பொண்ணு நனைஞ்சு நிக்குது. கூட்டிட்டுப் போய்ச் சூடா ஏதாவது வாங்கிக் கொடு. எனக்கும் ஒண்ணு."

முனையில் மூலிகைப் பானம் விற்கும் தள்ளுவண்டி. பார்லி, ஆளிவிதை, எலுமிச்சை எல்லாம் போட்டு, கெட்டியாய், ஆவி பறக்க... இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள் நெலிதா. ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டி ஒன்றையும் வாங்கி நீட்டினான். அவள் பாதியைப் பிய்த்து அவனுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

"தீக்கோழி விஷயம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட. தபால்காரரா இருந்தாரு. பேப்பரோட வாராவாரம் கலைக்களஞ்சியம் ஒவ்வொரு பகுதியா கொடுப்பாங்கல்ல, அதையெல்லாம் சேர்த்துத் தைச்சு வச்சிருந்தாரு. 'ப'வுல ஒரு பகுதி மட்டும் கிடைக்கல. அதனால எங்க வீட்டுல யாருக்கும் 'ப'வுல ஆரம்பிக்கிறது எதுவும் தெரியாது." சிரித்தாள். விக்கினாள். "நான் ஒரு குரூப்புல இருந்தேன்... சிரிக்காதீங்க... நத்தைன்னு பேரு. தினம் ஆறு மணிக்கு உதவாத தகவல் ஒண்ணு போடணும். எல்லாம் அப்பா சொல்லித்தான் போடுவேன். அவருக்கு அது ஒரு பைத்தியம். சாயங்காலமானா போதும், 'கூழைக்கடா என்ன போட்டான்? கூழைக்கடா என்ன போட்டான்?'"

சிரோ ரொட்டியை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினான்.

"யாரு... கூழைக்கடா?"

"அங்க ஒருத்தன். தோக்கவே மாட்டான், திமிர் பிடிச்சவன். ஆனா சிரிப்பு காட்டுவான். எங்கப்பா அவனை நேர்ல பார்த்த மாதிரியே பேசுவாரு. எனக்கும்..." அவள் டம்ளருக்குள் பார்த்தாள். "...எனக்கும் கொஞ்சம் கிறுக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. முகம் தெரியாத ஒருத்தன் மேல. அசிங்கம்."

தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

"அப்பா போன அன்னைக்கு, சவப்பெட்டி பக்கத்துல தனியா உக்காந்திருந்தேன். கூடப் பிறந்தவங்க கிடையாது, அம்மா எப்பவோ போயாச்சு. ஆறு மணி ஆச்சு. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. கை தானா எழுதிடுச்சு. அஞ்சு வெங்காயம் விழுந்துச்சு... வெங்காயம்னா புளுகுன்னு அர்த்தம். முதல் வெங்காயம் அவன்தான் போட்டான். அதுக்கு மேல ஒண்ணு எழுதுனான் பாருங்க... அதைப் படிச்சுட்டுப் பக்கத்துல அப்பா மூஞ்சியைப் பார்த்தேன்."

காலி டம்ளரை வண்டியின் ஓரத்தில் வைத்தாள்.

"அவங்க விளையாட்டுன்னு நினைச்சாங்க. எனக்குப் புரியுது. மத்தவங்களை எப்பவோ மன்னிச்சுட்டேன். அவனை மட்டும் முடியல. அவனுக்காவது தெரிஞ்சிருக்கணும்ல?"

'சொல்லுடா, சொல்லு' என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். சொன்னால் இந்தப் பாதி ரொட்டியும் போய்விடும், இந்த விக்கலும் போய்விடும். சொல்லாவிட்டால் ஆயுசு முழுக்க இவள் முன்னால் திருடனாக நிற்கவேண்டும்.

"குளிருதா? மூஞ்சி வெளுத்துப் போச்சு," என்றாள் நெலிதா. தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள்.

---

ஏழாம் நாள். ஃப்ரேம் உடையவில்லை. ஒரு நாள் முழுக்க வேறு வேலை பார்க்காமல், வெந்நீரில் முக்கி முக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் வளைத்து லென்ஸ் ஏற்றியிருந்தான். ஒடிந்த காதில் சுற்றியிருந்த நூலை மட்டும் அவிழ்க்கவில்லை.

நெலிதா போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கறுப்பு ஃப்ரேம் அவள் சின்ன முகத்துக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் அந்தக் கண்கள் கலங்கின.

"அப்பா மாதிரியே இருக்கேன்ல..."

"நெலிதா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்தக் கூழைக்கடா நான்தான்."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "வெங்காயம்! நல்லாப் புளுகுறீங்க. இனிமே உங்ககிட்ட எதையும் சொல்லக் கூடாது சாமி..."

சொன்ன உண்மை நம்பப்படாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் சிரோவுக்குத் தெரிந்தது. அவன் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான்:

"'போன மாசம் மாமாவை மலைப்பாம்பு முழுங்குச்சு, இந்த மாசம் அப்பாவா? அடியே நத்தை, உங்க வீட்டுல ஆள் மிச்சம் இருக்காங்களா?'"

சிரிப்பு அப்படியே நின்றது. இந்த முறை விக்கல் வரவில்லை.

"முதல் நாளே தெரியும் எனக்கு. உங்க சிரிப்பை வச்சுக் கண்டுபிடிச்சேன். சொல்ல தைரியம் வரல. நான் தோத்துட்டேன் நெலிதா. உண்மையைப் புளுகுன்னு சொன்னவன் என்ன செய்யணும்னு சட்டம் இருக்கு..."

அவன் கத்தினான். கல்லாவில் டோன்யா, நாற்காலியில் இரண்டு வாடிக்கையாளர்கள், வாசலில் ஆள் இழுப்பவர்கள்... எல்லோர் முன்னாலும், கண்ணில் நீர் வழிய, கழுதை மாதிரி கத்தினான். முதல் கத்தலுக்குத் தெருவில் யாரோ கைதட்டினார்கள். மூன்றாவதில் தெரு அமைதியானது.

"நிறுத்துங்க," என்றாள் நெலிதா. "போதும்... நிறுத்துங்க!"

கண்ணாடியைக் கழற்றாமலே வெளியே இறங்கி நடந்தாள். சாம்பல் தூறல் அவளை மறைத்துக்கொண்டது. டோன்யா எர்மீனியா எழுந்து வந்து, வாழ்நாளில் முதல்முறையாக அவனைத் திட்டாமல், ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "மூஞ்சியைத் துடைச்சுக்கோடா," என்றாள்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சங்கத்தில் சிரோ எழுதினான்: 'நத்தையோட அப்பா செத்தது உண்மை.' ஒரு வெங்காயமும் விழவில்லை, உருளைக்கிழங்கும் விழவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை.

பத்து நாள் போனது. வானம் வெளுக்கவே இல்லை. கடையில் கண் கண்ணாய் வந்து போயின. ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பேருந்தில் அந்தப் பதினோரு துண்டுகளைக் கேட்க அவனுக்கு இப்போது உரிமை இல்லை என்று தோன்றியது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. நெலிதாவின் கழுத்துத் துண்டு மட்டும் கடை ஆணியில் தொங்கியது. பதினோராம் நாள் காலையில் ஃபோனைப் பார்த்தான். முந்தின இரவு மறுபடி அனுப்பிய 'கோவமா?'வுக்குப் பக்கத்தில் இந்த முறை இரண்டாவது டிக்கும் விழுந்திருந்தது.

பதில் இல்லை. ஆனால் இரண்டு டிக்.

---

மாலை. கடை அடைக்கிற நேரம். வாசலில் கறுப்பு ஃப்ரேம் தெரிந்தது. லென்ஸ் முழுக்கப் பொடித் தூறல்.

"ஸ்க்ரூ லூஸ் ஆயிடுச்சு," என்றாள் நெலிதா.

"ஃப்ரேமுக்கா?"

"உங்களுக்கு ரொம்ப நாளாவே. இப்ப ஃப்ரேமுக்கும்."

காய்கறிப் பையைக் கல்லா மேல் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் குனிந்து திருகாணியை முடுக்கினான். திருப்புளி இரண்டு தடவை நழுவியது. நிமிர்ந்து பார்க்க தைரியம் இல்லை.

"பத்து நாளா உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றாள். "தைக்கும்போது, சமைக்கும்போது, எப்பவும். நேத்து அப்பாவோட அந்தக் கலைக்களஞ்சியத்தைத் தூசி தட்டினேன். ஓரத்துல பென்சில்ல குறிச்சு வச்சிருக்காரு... 'இதைப் போடு, கூழைக்கடா மாட்டுவான்.' அடுத்த பக்கத்துல, 'இதுக்குக் கண்டிப்பா மாட்டுவான்.' புத்தகம் முழுக்க இதேதான். ரெண்டு வருஷமா அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே ஆசை, உங்களை ஒரு தடவையாவது கவுக்கணும்ங்கறதுதான்."

சிரோ திருப்புளியைக் கீழே வைத்தான்.

"கடைசியில கவுத்துட்டாரு," என்றாள் நெலிதா. "செத்துக் கவுத்துட்டாரு."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிப்புக்குள்ளேயே அழுகையும் வந்தது. எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் 'ஹிக்' என்று விக்கினாள். சிரோவும் அழுதான். டோன்யா எர்மீனியா ஏதோ வேலை இருக்கிறவள் போல உள்அறைக்குப் போய்விட்டாள்.

"அவர் இருந்திருந்தா நீங்க கத்துனதைக் கேட்டு உருண்டு புரண்டு சிரிச்சிருப்பாரு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வலி போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போகல. அந்த வரி இன்னும் அப்படியே இருக்கு."

"இருக்கட்டும். நான் கேட்டுக்கறேன். எத்தனை தடவை திட்டினாலும் கேட்டுக்கறேன்."

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பழக்க தோஷம்... ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு உங்க முறை," என்றாள் நெலிதா.

முடுக்கிய கண்ணாடியை அவன் இரண்டு கையாலும் அவள் காதில் மாட்டிவிட்டான். லென்ஸுக்கு அந்தப் பக்கம் அந்தக் கண்கள், சிவந்து, ஈரமாய், அவனையே பார்த்துக்கொண்டு...

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு நெலிதா. முகம் பார்க்கறதுக்கு முன்னாடியே. நத்தையா இருந்தப்பவே. அந்த வெங்காயத்தைப் போட்ட கையை வெட்டிப் போடலாமான்னு இருக்கு... அந்தக் கையாலயே காலம் பூரா உனக்கு இந்த ஸ்க்ரூவை முடுக்கித் தரணும்னும் இருக்கு." அவன் ஃப்ரேமிலிருந்து கையை எடுத்தான். "உண்மையா, புளுகா?"

வெளியே ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. இன்னொரு வெங்காயம் வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் அவன் தலைகுனிந்து நின்றான்.

நெலிதா காய்கறிப் பைக்குள் கையை விட்டாள். வெங்காயத் தோல் சரசரத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கையை நீட்டுடா, கூழைக்கடா."

நீட்டினான். குளிர்ந்து, கனமாய், உருண்டையாய் ஏதோ ஒன்று உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தான்.

ஒரு மஞ்சள் உருளைக்கிழங்கு. அதில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.